கடைமடைக்கும் தண்ணீர் வந்தது: குளத்துக் குழுவின் நன்றி மடல்

அன்புள்ள ஊராருக்கும், மேல்மடைக்காரர்களுக்கும், வெளியூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

கும்பப்பூ, அதாவது இரண்டாம் போக நெல், அறுத்து வைக்கோலும் கட்டி ஏற்றியாகிவிட்டது. வருடக்கணக்காகத் தரிசாகக் கிடந்த கீழ ஏலா வயல்வெளி இந்த முறை விளைந்திருக்கிறது. உதவியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று போன ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முடிவானது. செயலாளர் என்பதால் எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது.

நம் குமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறை அணை 1906இல் கட்டி முடிந்தது. அதில் 48 அடிக்குத் தண்ணீர் நின்றாலும், சானல் என்கிற பாசனக் கால்வாயின் நுனியில் இருப்பவனுக்கு அது காலையில் பேப்பரில் படிக்கிற செய்திதான். நடுவில் எத்தனை ஊர், எத்தனை குளம், எத்தனை ஷட்டர்! வருகிற கொஞ்சத் தண்ணீரைப் பிடித்து வைக்க நம் குளமும் குளமாக இல்லை. பாதி தூர்ந்து, மீதியை ஆகாயத்தாமரை மூடிக் கிடந்தது. மனு கொடுத்தோம். மனுவுக்கு ரசீது கிடைத்தது. அந்த ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

முதல் நன்றி மேல்மடை ஊருக்கு. அவர்களுக்கு இதில் ஒரு லாபமும் கிடையாது. 2022லிருந்து கிராம சபை ஆண்டுக்கு ஆறு தடவை கூடுகிறது. அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். போன வருடம் அன்றைக்கு நாம் தீர்மானம் போட்ட மறுவாரமே, அவர்கள் ஏழு பேர் இரண்டு பைக்கிலும் ஒரு ஆட்டோவிலும் வந்து இறங்கினார்கள். சண்டைக்குத்தான் வருகிறார்கள் என்று நினைத்து நான் சட்டையை மாற்றிக்கொண்டு போனேன். வந்தவர்கள் குளத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஐந்து நாள் எங்களுக்கு, இரண்டு நாள் உங்களுக்கு. ஷட்டர் பக்கம் ராத்திரி ரெண்டு ஊர் ஆளும் இருக்கணும்" என்றார்கள். எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள்.

ஜூன் மாதம் தண்ணீர் திறந்த பிறகு நம் முறை வந்த முதல் ராத்திரி எனக்கு மறக்காது. ஷட்டரைத் திறந்து மூடுகிற லஸ்கர் அண்ணன் சாவியோடு வந்துவிட்டார். ஷட்டரை எவ்வளவு தூக்குவது என்று ஒரு அடையாளம் வேண்டும். அந்த நேரத்தில் பெயின்டுக்கு எங்கே போவது? மேல்மடை அண்ணாச்சி ஒருவர் வீட்டுக்குப் போய் மகளின் நகப்பாலீஷைத் தூக்கி வந்தார். டார்ச் வெளிச்சத்தில் திருகுக் கம்பியில் சிவப்பாக ஒரு கோடு இழுத்தார். அப்புறம் விடியும்வரை பிளாஸ்கில் இருந்த சுக்குக்காப்பியைப் பங்கு போட்டுக் குடித்தோம். வெயிலிலும் மழையிலும் கோடு வெளுத்துவிட்டது, ஆனாலும் ஒருவரும் அதைத் தாண்டித் தூக்கவில்லை. லஸ்கர் அண்ணனுக்கும், நகப்பாலீஷைப் பறிகொடுத்த பிள்ளைக்கும் நன்றி.

அடுத்தது நம் ஊருக்குள். இங்கே அமைப்புகளுக்குப் பஞ்சமே இல்லை. கோயிலுக்குத் தலைக்கட்டு வரி தவறாமல் வந்துவிடும். சர்ச்சில் கைப்பிடி அரிசி சேரும், அசனம் என்கிற பொது விருந்துக்கு ஊரே திரளும். ஜமாத்துச் சந்தாவும் அப்படித்தான். எல்லாரும் தண்ணீர் எடுத்த குளத்துக்கு மட்டும் வரியும் இல்லை, கமிட்டியும் இல்லை. 'கவர்மென்ட் பார்த்துக்கொள்ளும்' என்று விட்டுவிட்டோம், நான் உட்பட. குழு தொடங்கியபோது மூன்று இடத்திலிருந்தும் ஆள் வந்தார்கள். கோயில் மைக் செட்டைக் கொடுத்தது, சர்ச் அசன அண்டாவைக் கொடுத்தது, ஜமாத் கூட்டம் போட இடம் கொடுத்தது. அந்த அண்டாவில் வெந்த மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் இல்லாவிட்டால் ஆகாயத்தாமரை அள்ள இத்தனை பேர் இறங்கியிருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

மகளிர் குழு அக்காமார் பணத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். வரவு செலவை வாரா வாரம் டீக்கடைக்கு எதிரே கரும்பலகையில் எழுதினார்கள். மண் அள்ளும் ஹிட்டாச்சிக்கு டீசல் எவ்வளவு, குழு போட்ட குளத்து வரியில் யார் பாக்கி, எல்லாம் அதில் இருந்தது. பாக்கி வைத்தவர்கள் டீ குடிக்க அடுத்த தெருவுக்குப் போனார்கள். பிறகு கட்டிவிட்டார்கள்.

அபராதம் பற்றி யோசனை சொன்னது கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளை ஒருத்தி. பொருளாதார நோபலைப் பெற்ற முதல் பெண் எலினார் ஆஸ்ட்ரம். 2009இல் அவர் பரிசு வாங்கியதே, ஊர்ச் சொத்தை ஊராரே எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்று ஆராய்ந்ததற்காகத்தான் என்றாள். நேபாளத்து வாய்க்கால்களையெல்லாம் பார்த்தவராம். நிலைத்து நின்ற இடங்களில் விதியை உண்டாக்கியதில் அதற்குக் கட்டுப்படுகிறவர்களுக்கும் பங்கு இருந்தது, காவலும் அவர்கள் கையில் இருந்தது, தண்டனை சின்னதில் ஆரம்பித்தது என்று விளக்கினாள். ஸ்பெயினில் வலென்சியா ஊரில் வியாழக்கிழமைதோறும் விவசாயிகளே பேராலய வாசலில் உட்கார்ந்து தண்ணீர் வழக்கைத் தீர்க்கிறார்களாம். "நமக்கு ஆலமரம் போதும்" என்றார் ஒரு பாட்டா. ஆக, நமக்கு ஞாயிறு சாயங்காலம், ஆலமூடு.

விதி இப்படி முடிவானது: குளத்தில் வண்டி கழுவினால் முதல் தடவை சொல்லிவிடுவது, இரண்டாவது தடவை நூறு ரூபாய், மூன்றாவது ஐந்நூறு. முதன்முதலில் நூறு ரூபாய் கட்ட நேர்ந்தது யாருக்கு என்கிறீர்கள்? என் சொந்த அத்தானுக்கு. டெம்போவைக் கழுவிக்கொண்டிருந்தவரைப் பிடித்தது பத்தாம் வகுப்புப் பையன். நான் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு ரசீது எழுதினேன். அத்தான் பணத்தைக் கொடுத்துவிட்டு, "அடுத்த வாரக் காவலுக்கு என் பேரையும் போடு" என்றார். அவருக்குத் தனி நன்றி. அக்கா இன்னும் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

கரையை ஒட்டி நின்ற தென்னைகளைத் தானே வெட்டிக் கொடுத்தவர் பெயர் போட வேண்டாம் என்றார், போடவில்லை. பணம் அனுப்பிய வளைகுடாப் பிள்ளைகளுக்கும், வரப்பும் வாய்க்காலும் செதுக்கிய நூறு நாள் வேலை அம்மாமாருக்கும் நன்றி.

மீன் குத்தகைத் தகராறு இன்னும் தீரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏலம் விடுவதா, வீட்டுக்கு வீடு பங்கு வைப்பதா என்று இந்த ஞாயிறு ஐந்து மணிக்குப் பேசப்போகிறோம். அடுத்து வருகிற கன்னிப்பூ, அதாவது முதல் போக, காவல் பட்டியலில் செவ்வாய், வெள்ளி இரண்டு ராத்திரிக்கும் ஆள் இல்லை. வருகிறவர்கள் கரும்பலகையில் பெயர் எழுதிவிடுங்கள். டார்ச் குழுவில் இருக்கிறது, பாட்டரிதான் வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
செயலாளர்,
குளம் பராமரிப்புக் குழு