எழுத்துப் பயிற்சியில் தாய்மொழிக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர்கள் ஆங்கிலக் கட்டுரை எழுதத் துணைநிற்கும் இணையவழி அமர்வுகளில், மாணவரின் தாய்மொழியையும் அறிந்த பயிற்றுநர்கள் இன்று பலர் பணியாற்றுகின்றனர். ஆயினும், அமர்வு முழுவதும் ஆங்கிலத்தில் மட்டுமே பேச வேண்டும் என்று சில நிறுவனங்கள் விதித்திருப்பது, அவர்களிடமுள்ள பெரும் வலிமையைக் கட்டிப்போடுகிறது. இவ்விதியைக் கைவிட வேண்டும் என்பதே இப்பணியில் இருக்கும் எனது வேண்டுகோள்.

கட்டுரையின் மையக் கருத்து என்னவென்று ஆங்கிலத்தில் கேட்டால் பாடநூல் வரியை ஒப்பிக்கும் மாணவர், தாய்மொழியில் கேட்டதும் தம் வாதத்தையும் அதற்கு எழக்கூடிய மறுப்பையும் தடையின்றி எடுத்துரைப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஒரு மொழியில் படித்தும் கேட்டும் உள்வாங்கியதை மற்றொரு மொழியில் எழுதச் செய்வதை, வேல்ஸ் நாட்டுக் கல்வியாளர் கென் வில்லியம்ஸ் 1994-ஆம் ஆண்டிலேயே ஒரு கற்பித்தல் முறையாக விளக்கினார். யாழ்ப்பாணத்தவரான பேராசிரியர் சுரேஷ் கனகராஜாவும், எழுதுபவரின் தாய்மொழியைத் தடையாகக் கருதாமல் வளமாகக் கருத வேண்டும் என்றே வலியுறுத்தி வருகிறார்.

இலக்கணத்திலும் இதனால் பயன் உண்டு. ஆங்கிலத்தின் 'ஏ', 'தி' ஆகியவற்றுக்கு நேரான கட்டாயச் சொற்கள் தமிழில் இல்லை. 'இன்', 'ஆன்' போன்ற ஆங்கில முன்னிடைச்சொற்களின் வேலையைத் தமிழில் பெரும்பாலும் வேற்றுமை உருபுகளே செய்கின்றன. தமிழ் மாணவர் எங்கே, ஏன் தடுமாறுகிறார் என்பது, அதே வழியில் ஆங்கிலம் கற்றுவந்த பயிற்றுநருக்கு உடனே விளங்கும்.

எனினும், மொழியறிவு பயிற்றுநரை மொழிபெயர்ப்பாளராக மாற்றிவிடக் கூடாது. இருவரும் ஒரே கோப்பைத் திருத்தக்கூடிய இணையவழி அமர்வில் இந்த ஆபத்து அதிகம். மாணவர் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் நாமே அதை ஆங்கில வாக்கியமாகத் தட்டச்சு செய்துவிடத் தோன்றும். ஆகவே, ஓரக்குறிப்பு எழுதும் அனுமதி மட்டுமே பயிற்றுநருக்கு இருப்பது நல்லது. திரையில் மாணவர் யோசிக்கும் மௌனத்தை இணைப்புக் கோளாறு என்று எண்ணி, இடையில் பேசிவிடாத பொறுமையும் வேண்டும்.

தாய்மொழியில் உரையாடுவதைக் கட்டாயமாக்கவும் கூடாது. ஆங்கிலத்தில் பேசிப் பழகவே வரும் மாணவர்களும் உள்ளனர். எந்த மொழியில் கலந்துரையாட விருப்பம் என்ற கேள்வியை முன்பதிவுப் படிவத்திலேயே சேர்த்து, அம்மொழி அறிந்த பயிற்றுநரை ஒதுக்கித் தர நிறுவனங்கள் முன்வர வேண்டும். பயிற்றுநர் எந்த ஊரில் இருந்தாலும் இணையவழியில் இது இயலும்.

இப்படிக்கு,
இணையவழி எழுத்துப் பயிற்றுநர் ஒருவர்