ஒற்றை ட்ரோபோனினை வைத்து முடிவு கட்டாதீர்கள்

வட சென்னை அவசரப் பிரிவுகளில் இரவுப் பணி பார்க்கும் டாக்டர்களுக்கு,

வணக்கம். தண்டையார்பேட்டையில் பொது மருத்துவம் பார்ப்பவன் நான். காசிமேடு, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கத்திலிருந்து படபடப்போடு உங்களிடம் வருகிறவர்கள், வீடு திரும்பியதும் ஃபைலைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். பல ஃபைல்களில் ஒரே கதை. இசிஜியில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிப்பது), நாடித்துடிப்பு 150, ரத்தத்தில் ட்ரோபோனின் என்ற இதயத் தசைப் புரதம் கொஞ்சம் அதிகம், கீழே 'ஹார்ட் அட்டாக்'. அன்று இரவே வீட்டு நகை அடகுக்குப் போயிருக்கும்.

இதயத் தசைக்குச் சேதம் என்று ட்ரோபோனின் சொல்லும். எதனால் என்று சொல்லாது. துடிப்பு தாறுமாறாக ஓடும்போது தசைக்கு ஆக்சிஜன் தேவை கூடுகிறது. அதே நேரம், இதயம் தளர்ந்து தனக்கே ரத்தம் வாங்கிக்கொள்ளும் இடைவெளி சுருங்கிவிடுகிறது. குழாயில் அடைப்பே இல்லாமலும் அளவு ஏறுவது இதனால்தான். சிறுநீரகம் பழுதானவர்கள் பலருக்கோ எந்நாளும் சற்று உயர்ந்தே இருக்கும். ஹார்ட் அட்டாக்குக்கு 2018இல் வந்த உலகளாவிய வரையறையும் அளவில் ஏற்ற இறக்கம் வேண்டும், கூடவே நெஞ்சுவலியோ இசிஜி மாற்றமோ போன்ற ஆதாரமும் வேண்டும் என்றுதான் கேட்கிறது.

அதனால் இன்னொரு முறை ரத்தம் எடுங்கள். மிகச் சிறிய அளவையும் காட்டும் ஹை சென்சிட்டிவிட்டி பரிசோதனை என்றால் 1 முதல் 3 மணி நேரத்தில் தெரிந்துவிடும். முதல் அளவே உயர்ந்திருந்தால், 20 சதவீதத்துக்கு மேல் மாறுகிறதா என்று பாருங்கள். கோடு மட்டும் காட்டும் கார்டு டெஸ்ட் இதற்கு உதவாது. எண் தரும் பரிசோதனைக்கு உங்கள் நிர்வாகத்திடம் விடாமல் கேளுங்கள். துடிப்பு குறைந்ததும் இசிஜியையும் மறுபடி எடுங்கள். வேகத்தால் மட்டுமே இசிஜி கோட்டின் எஸ்டி பகுதி இறங்கியிருக்கலாம்.

எனக்குப் பெரிய கவலை மருந்துச் சீட்டைப் பற்றியது. 'அட்டாக்' என்று எழுதியதும் ரத்தத் தட்டுகள் ஒட்டாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் சேர்ந்துவிடுகின்றன, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் மறந்துபோகிறது. பக்கவாதத்தைத் தடுக்க வேண்டிய ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை சீட்டிலேயே இருக்காது. சிலருக்கு மூன்றும் சேர்ந்து ரத்தக்கசிவில் கொண்டுவிடும். இளம் பெண்கள் வந்தால் எக்கோ (இதய ஸ்கேன்) பார்க்காமல் அனுப்பாதீர்கள். ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவர்கள் நம் பகுதியில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ரத்த உறைவைத் தடுக்கும் புது மாத்திரைகள் வேண்டாம், பழைய வார்ஃபரினோ அசிட்ரோமோதான் சரி.

அதற்காக உயர்ந்த எண்ணை அலட்சியப்படுத்தச் சொல்லவில்லை. வலி அட்டாக்கைப் போலவே இருந்தால், எஸ்டி ஏறியிருந்தால், இரண்டாவது அளவு வேகமாகக் கூடினால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். லேசான உயர்வுகூட, அந்த நோயாளியைக் கூடுதல் கவனத்தோடு தொடர்ந்து பார்க்க வேண்டும் என்பதற்கு அடையாளம். ரத்தசோகை, தைராய்டு, தொற்று எல்லாம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கோ வேறு எங்குமோ அனுப்பும்போது இரண்டு அளவுகளையும், எடுத்த நேரத்தையும், அப்போதைய நாடித்துடிப்பையும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினையும் கடிதத்தில் எழுதிவிடுங்கள். காரணம் உறுதியாகாத வரை 'ட்ரோபோனின் உயர்வு, காரணம் ஆய்வில்' என்று எழுதினால் போதும். வெளியே காத்திருக்கும் குடும்பத்திடமும் அதையே சொல்லுங்கள்.

அன்புடன்,
தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு பொது மருத்துவர்