முன்மண்டபத் திருப்பணி நிறைவும் முற்றுகைக் கல்வெட்டும்: உறுப்பினர்களுக்குக் குழுவின் அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

புதுச்சேரியின் ஒழுகரைப் பகுதியிலுள்ள நம் கோயிலின் முன்மண்டபத் திருப்பணி முடிந்து, கும்பாபிஷேகமும் மண்டலாபிஷேகமும் இனிதே நிறைவேறின. மேல்தளத்தில் இருந்த சிமெண்ட் பூச்சு அகற்றப்பட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் அரைத்த சுண்ணாம்புச் சாந்து பூசப்பட்டது. வரவு செலவுக் கணக்கு பொதுக்குழுவில் தனியே வைக்கப்படும். மண்டபத்தின் தென்சுவரில் பதித்த கல்வெட்டைப் பற்றியே பலரும் விளக்கம் கேட்டதால், இவ்வறிக்கை பெரும்பாலும் அதைப் பற்றியது.

"சுவாமி சன்னிதியில் வெள்ளைக்காரன் சண்டை எதற்கு?" என்று கேட்டவர்களுக்குக் குழுவின் பதில், அந்தச் சண்டை கோயிலை விட்டு விலகி நடக்கவில்லை என்பதே. 1748இல் கடற்படைத் தளபதி பொஸ்கோவனின் ஆங்கிலப் படை புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்தபோது, சம்பா கோயில் என்னும் கிறித்தவ ஆலயத்தை ஒட்டியிருந்த வேதபுரீசுவரர் கோயிலை இடித்தது முற்றுகையிட்ட பகைவர் அல்லர். ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரரே. அதைப் பிரெஞ்சு ஆளுநரின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் வேதனையோடு எழுதிவைத்திருக்கிறார்.

ஆயினும் கல்வெட்டின் பெரும்பகுதி, ஆங்கிலேயர் 1760இல் புதுச்சேரியை மீண்டும் முற்றுகையிட்டதைப் பற்றியது. அன்று நகருக்கு வெளியே, கற்றாழையும் முட்செடிகளும் பனையும் தென்னையும் அடர்ந்த எல்லை வேலி ஒன்று வளைந்து சென்றது. அதன் வழிகளில் சென்னை, வழுதாவூர், வில்லியனூர், அரியாங்குப்பம் ஆகிய பெயர்களில் காவல் அரண்கள் இருந்தன. செப்டம்பரில் ஒழுகரையும் அந்த வேலியும் ஆங்கிலப் படையிடம் வீழ்ந்தபின், நிலவழியே தானியம் வருவது நின்றது. கடலை ஆங்கிலக் கப்பல்கள் காத்து நின்றன. எதிர்பார்த்த பிரெஞ்சுக் கப்பற்படையோ வரவே இல்லை.

நவம்பர் இறுதியில், கையிருப்புத் தானியம் படைவீரர்களுக்கே போதாது என்று கண்ட பிரெஞ்சுத் தளபதி லாலி, வேலைக்காரர் சிலரைத் தவிர்த்து, நகரில் எஞ்சியிருந்த ஆண், பெண், குழந்தைகள் ஏறத்தாழ 1,400 பேரை வெளியேற்றினார். உள்ளே வாய்கள் குறைந்தால் முற்றுகை நீளும் என்பதால் ஆங்கிலேயர் அவர்களைத் திருப்பி விரட்டினர். திரும்பி வந்தவர்கள்மீது கோட்டையிலிருந்து பிரெஞ்சுக்காரர் சுட்டனர். எட்டு நாட்கள் இரு படைகளுக்கும் நடுவில், புல்லின் வேர்களைத் தோண்டித் தின்று அலைந்த பிறகே ஆங்கிலத் தளபதி அயர் கூட் அவர்களைப் போகவிட்டார். உள்ளே இருந்தவர்கள் யானை, குதிரை, ஒட்டகம் என எல்லாவற்றையும் அறுத்துத் தின்ன வேண்டியதாயிற்று. கோட்டையைக் காத்ததாகச் சொல்லப்படும் கதையில், இந்த ஊர்மக்களை வெளியே தள்ளியதும் காவலின் ஓர் உபாயமாகவே நடந்தது என்பதைக் கல்லில் முதலில் எழுத வேண்டும் எனக் குழு முடிவு செய்தது.

1761 புத்தாண்டு தினத்துப் புயலில் ஆங்கிலக் கப்பல்கள் பல மூழ்கி ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தும், ஒரு வாரத்துக்குள் கடல் முற்றுகை மீண்டுவிட்டது. ஜனவரி 16ஆம் நாள் நகரம் சரணடைந்தது. அதன்பின் அரண்களும் வீடுகளும் தகர்க்கப்பட்டன. 1763ஆம் ஆண்டு பாரிஸ் உடன்படிக்கைப்படி பிரெஞ்சுக்காரர் 1765இல் திரும்பி வந்து, லா தெ லோரிஸ்தோன் ஆளுநராக இருக்க, நகரை மறுபடி கட்டினர்.

நம் கோயிலின்மீதும் பீரங்கிக் குண்டு விழுந்ததாகச் சேர்க்கச் சொன்னவர்கள் உண்டு. பெருமைக்காக ஒரு குண்டை விழவைக்கக் குழு உடன்படவில்லை. லாலியின் பெயரும் கூட்டின் பெயரும் கடைசி வரிகளில், சிறிய எழுத்தில் உள்ளன. உபயதாரர் பெயர்களை இதே கல்லில் பொறிக்க வேண்டும் என்ற கோரிக்கையை ஏற்காமல், அவற்றுக்குக் கொடிமரத்தின் வடபுறம் தனிக்கல் நாட்டியுள்ளோம். பெயர்களில் எழுத்துப்பிழை இருப்பின், வண்ணம் தீட்டும் முன்பு அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
திருப்பணிக் குழுவினர்