புகார் கடிதம்: விதைப் பெயர்களைப் பாதியில் வெட்டும் இணையதளம்

அனுப்புநர்:
உரிமையாளர், மரபு நெல் விதைக்கடை,
தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்:
நிர்வாக இயக்குநர்,
இணையதள வடிவமைப்பு நிறுவனம்.

பொருள்: தரவுத்தளத்தில் சரியாக உள்ள விதை விவரங்கள் இணையப் பக்கத்தில் பிழையாகத் தெரிவது குறித்து.

ஐயா,

வணக்கம். நீங்கள் அமைத்துத் தந்த இணையதளம் ஏழு மாதமாக ஓடுகிறது. இதுவரை நான்கு முறை தொலைபேசியில் முறையிட்டுவிட்டேன். நான்கு முறையும் கிடைத்த பதில் ஒன்றுதான்: "நீங்கள் உள்ளிட்ட தகவலில் தவறு இருக்கும், சரிபாருங்கள்." சரிபார்த்துவிட்டேன். தரவுத்தளத்தில் ஒவ்வொரு பெயரும் முழுதாக, பிழையில்லாமல் இருக்கிறது. அதை எடுத்துப் பக்கத்தில் காட்டும் உங்கள் டெம்ப்ளேட்தான் கெடுக்கிறது.

"மாப்பிள்ளைச் சம்பா 10 கிலோ" என்று நான் உள்ளிட்டது பட்டியலில் "மாப்பிள்ளைச் சம…" என்று நிற்கிறது. "மாப்பிள்ளைச் சம்பா 2 கிலோ" என்பதும் அதே "மாப்பிள்ளைச் சம…"தான். "கிச்சிலிச் சம்பா" கால் ஒடிந்து "கிச்சிலிச் சம்ப…" ஆகிவிட்டது. விலை, உள்ளே போனால்தான் தெரியும். பத்து கிலோ வேண்டிய விவசாயி ஒருவர் மேலே இருந்ததைத் தொட்டு இரண்டு கிலோ பையை வாங்கிவிட்டார். நாற்றங்காலை உழுது தண்ணீர் கட்டிய பிறகு பையைப் பிரித்துப் பார்த்து என்னை அழைத்தார். அவருக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? மீதி எட்டு கிலோவைப் பேருந்தில் ஏற்றி அனுப்பினேன். அவருக்கு இரண்டு நாள் போய்விட்டது.

என் அக்கா மகன் மென்பொருள் வேலையில் இருக்கிறான். நீங்கள் ஒப்படைத்த கோப்புகளைத் திறந்து காட்டினான். ட்விக் (பக்கங்களைக் காட்ட நீங்கள் பயன்படுத்தும் மென்பொருள்) டெம்ப்ளேட்டில் பெயர் வரும் இடத்தில், 15 குறிகளோடு வெட்டச் சொல்லி ஒரு வரி இருக்கிறது. ஆங்கிலத்துக்கு எழுதிய கணக்கு அது. நமக்கு "பா" ஓர் எழுத்து. கணினிக்குப் பகர உருவம் ஒன்று, கால் ஒன்று என இரண்டு குறிகள். மெய்யின் புள்ளியும் தனிக் குறிதான். ஒன்பதே எழுத்துள்ள "மாப்பிள்ளைச் சம்பா" இடைவெளியோடு சேர்த்து 18 குறிகள் ஆகிறது. ஓர் எழுத்தின் நடுவே வெட்டு விழுந்தால் புள்ளியோ காலோ கொம்போ அறுந்து விழும். வெட்டவே வேண்டியதில்லை, இடம் போதாவிட்டால் பெயர் அடுத்த வரிக்கு இறங்கட்டும். வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால், இணையதள நிரல் மொழியான பி.எச்.பி.யின் இன்ட்ல் என்ற கூடுதல் நீட்சியில் முழு எழுத்தாக எண்ணி வெட்டும் வசதி இருக்கிறது.

அகரவரிசையும் தவறு. "அறுபதாம் குறுவை"க்கு மேலே "அன்னமழகி" வருகிறது. தமிழில் னகரம் கடைசி மெய். கணினி எழுத்துகளுக்கு எண் தரும் ஒருங்குறி (யூனிகோடு) அட்டவணையில் அது நகரத்துக்கு அடுத்த இடத்தில் இருக்கிறது. அந்த எண் வரிசைப்படியே உங்கள் வினவல் (தரவுத்தளத்திடம் தகவல் கேட்கும் கட்டளை) அடுக்கித் தருகிறது. இது டெம்ப்ளேட்டின் குறையல்ல, ஆனால் வினவலை எழுதியதும் நீங்கள்தான்.

இனிச் சொல்வது என்னைத் தூங்கவிடாதது. ஒவ்வொரு விதையின் கீழும் வாடிக்கையாளர் கேள்வி கேட்க ஒரு பெட்டி வைத்திருக்கிறீர்கள். ஆரம்பத்தில் அங்கே மேற்கோள் குறி இட்டால், அதன் இடத்தில் ஆம்பர்சண்டும் (&) சில ஆங்கில எழுத்துகளும் தெரிந்தன. சேமிக்கும்போது மேற்கோள் குறியை மட்டும் ஒரு முறை மாற்றி, காட்டும்போது மறுமுறையும் மாற்றியதால் வந்த கோளாறு அது. சேமிக்கும் இடத்தில் அதைத் திருத்தாமல், யாராவது இடும் நிரல் ஓடாதபடி ட்விக் தானாகச் செய்யும் பாதுகாப்பு மாற்றத்தை "ரா" என்ற வடிகட்டியால் நிறுத்திவிட்டீர்கள். மேற்கோள் குறி சரியானது, கதவு திறந்துகொண்டது.

நானே சோதித்தேன். கேள்விப் பெட்டியில், எழுத்தைத் தடிமனாக்கும் எச்.டி.எம்.எல். குறிச்சொல்லை இட்டு, மூடாமல் அனுப்பினேன். அதற்குக் கீழே இருந்த கேள்விகள், விலை, எங்கள் முகவரி என அத்தனையும் தடித்த எழுத்தாக மாறின. யார் திறந்தாலும் அப்படித்தான் தெரிந்தது. நான் இட்டது தீங்கில்லாத ஒன்று. அதே பெட்டியில் ஒருவர் ஜாவாஸ்கிரிப்ட் நிரலை இட்டால், அது பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொருவரின் உலாவியிலும் ஓடும். நிர்வாகியாக உள்நுழைந்திருக்கும் என் கணக்கின் பெயரிலும் வேலை செய்யும். எங்களை நம்பி முகவரியும் தொலைபேசி எண்ணும் தந்த விவசாயிகளின் விவரங்கள் அந்தக் கணக்கில் இருக்கின்றன.

பட்டியல் பக்கம் என் கைபேசியில் திறக்க 11 வினாடி ஆகிறது. 120 விதைகளின் பட்டியலை ஒரு வினவலில் எடுத்துவிட்டு, டெம்ப்ளேட்டின் சுழற்சிக்குள் ஒவ்வொரு விதையின் இருப்பையும் தனித்தனியாகக் கேட்கிறீர்கள். ஆக 121 வினவல்கள். இரண்டு அட்டவணைகளையும் இணைத்து ஒரே வினவலில் கேட்டு, விடையை டெம்ப்ளேட்டிடம் கொடுத்தால் போதும்.

"ரா" வடிகட்டியை இன்றே எடுத்துவிட்டு, சேமிக்கும் இடத்தில் உள்ள தவறைத் திருத்துங்கள். அதுவரை கேள்விப் பெட்டியை மூடிவையுங்கள். பெயர் வெட்டும் வரியையும் வரிசையையும் 15 நாளுக்குள் சரிசெய்து எழுத்துமூலம் தெரிவியுங்கள். சம்பா விதைப்புக்கு ஆட்கள் விதை தேடும் நேரம் இது, தள்ளிப்போட முடியாது. ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தின் இரண்டாம் தவணையை, வேலை முடிந்ததைப் பார்த்த பிறகே செலுத்துவேன். தரவுத்தளத்தில் உள்ள பெயர்களையும் பக்கத்தில் தெரியும் பெயர்களையும் அருகருகே வைத்து எடுத்த படங்களை இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
விதைக்கடை உரிமையாளர்

இணைப்பு: திரைப்பிடிப்புப் படங்கள் 6