கல்லூரி மாணவர்களுக்குத் தகவல் தேடும் பயிற்சி கோரி மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற கல்லூரி நூலகர்,
தக்கலை, கல்குளம் வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
கன்னியாகுமரி மாவட்டம், நாகர்கோவில்.

பொருள்: தகவலைத் தேடவும் சரிபார்க்கவும் இணையவழியும் நேரடி வகுப்பும் கலந்த பயிற்சி வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

மழை பிடித்தால் ஆட்சியர் பெயரிலேயே போலி விடுமுறை அறிவிப்பு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதை முந்திக்கொண்டு பகிர்வதில் கல்லூரிப் பிள்ளைகளும் உண்டு. சரி, அது ஒரு நாள் கூத்து. அவர்கள் எழுதும் புராஜெக்ட்தான் என் கவலை. ஏஐ செயலி கொடுக்கும் நூற்பட்டியலை அப்படியே ஒட்டிவிடுகிறார்கள். அதில் சில நூல்களை யாரும் எழுதியதே இல்லை! நூலகத்துக்கு வந்து அவற்றைக் கேட்ட பிள்ளைகளும் உண்டு.

வளத்துக்குக் குறைவில்லை. கல்லூரிகளுக்கான என்-லிஸ்ட் என்ற மின்வளத் திட்டத்தின் வழியாக மின்னிதழ்கள் கிடைக்கின்றன. 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 2025 முதல் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்திருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் எல்லாருக்கும் இலவசம். இவற்றில் எப்படித் தேடுவது என்று சொல்லித்தர ஆளில்லை.

பயிற்சியை முழுவதும் இணையத்தில் நடத்தினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறேன். வீடியோவை ஓடவிட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பார்கள், சான்றிதழ் வந்துவிடும். பேச்சிப்பாறைக்கு மேலே மலைப்பகுதியில் உள்ள பிள்ளைகளுக்கு சிக்னலே ஒழுங்காகக் கிடைக்காது. ஆகவே பாடம் தரவிறக்கிப் பார்க்கும் சிறு வீடியோக்களாக இருக்கட்டும். தேடிப் பழகுவதை மட்டும் நூலகத்தில், நூலகர் பக்கத்தில் இருக்கும்போது செய்யட்டும். எடுத்துக்காட்டாக, 2017 ஒக்கிப் புயலில் நம் மாவட்டத்தில் காணாமல் போன மீனவர்கள் எத்தனை பேர்? அரசுக் குறிப்பு, நாளிதழ், மீனவர் அமைப்புகளின் பட்டியல் மூன்றையும் எடுத்து வைத்து, எண்கள் ஏன் மாறுகின்றன, யார் எந்தத் தேதியில் எண்ணினார்கள் என்று கேட்கச் சொன்னால் போதும். இதை வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது.

ஒரு பாடத்தில் 40 சதவீதம் வரை இணையவழியில் நடத்தலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021-லேயே கருத்துரு வெளியிட்டது. பாடத்திட்டம் பல்கலைக்கழகத்தின் கையில் என்பது தெரியும். எனவே, விருப்பமுள்ள சில கல்லூரிகளின் முதல்வர்களையும் நூலகர்களையும் அழைத்துப் பேசி, முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு பருவம் சோதனையாக நடத்த ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன். கணினி போதாத கல்லூரிகளின் பிள்ளைகளுக்காக, நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்தில் சனிக்கிழமைகளில் இடம் ஒதுக்கவும் வேண்டுகிறேன். பயிற்சித் தாள்களை ஊதியமின்றித் தயாரித்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)