24 டின் மீன், 300 பணிஸ்: கைகொடுத்த எல்லோருக்கும் நன்றி

பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வாசிகசாலைக்குத் தகரம் மாற்றி, பாதையையும் துப்புரவாக்கிய சிரமதானம் போன ஞாயிற்றுக்கிழமை நல்லபடியாக முடிந்தது. 150 பேர் வந்தார்கள். அன்றைய மத்தியானச் சாப்பாட்டுக்கு உதவியவர்களுக்கு நான் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

இப்படி ஒரு வேலை என்றால் வழக்கமாகச் சோறு கறிதான். ஆறு நாள் மலையேறிக் கொழுந்தெடுத்த பெண்கள், இருக்கிற ஒரே ஓய்வு நாளிலும் விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்ட வேண்டும். இந்த முறை அது வேண்டவே வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றேன். "சரி, செஞ்சு பாரும்மா" என்ற தலைவருக்கு முதல் நன்றி.

வழி சொன்னது கொழும்பில் ஹோட்டல் சமையலறையில் வேலை செய்யும் எங்கள் தம்பி. டின் இறைச்சியை உதிர்த்து, இனிப்பும் புளிப்பும் காரமுமான பார்பிகியூ சோஸில் வற்றவைத்து, பணிஸில் வைத்துக் கொடுத்தால் பெரிய கூட்டத்துக்கும் செலவு குறைவு என்றான். டின் இறைச்சி எங்களுக்குக் கட்டுப்படியாகாது. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களும் இங்கே நிறையப் பேர். "அப்ப டின் மீன் போடுங்க அக்கா, அதுவும் வெந்ததுதானே" என்றான்.

கடை முதலாளி 425 கிராம் டின் 24 உள்ள ஒரு பெட்டியை வாங்கிய விலைக்கே தந்தார். பேக்கரி அண்ணன் 300 பணிஸையும் அன்று காலையிலேயே சுட்டு, சூட்டோடு அனுப்பினார். டின்னில் தண்ணீரை வடித்தால் மீன் 280 கிராம் அளவுதான் மிஞ்சும். மரக்கறி லொறி அண்ணன் சும்மா இறக்கிவிட்டுப் போன கரட்டும் வெங்காயமும் இல்லாவிட்டால் ஆளுக்கு இரண்டு பணிஸ் கொடுத்திருக்க முடியாது. பெரிய சட்டிகள் மரண உதவிச் சங்கத்துடையவை.

சனிக்கிழமை மாலை கொஞ்சம் செய்து பார்த்தோம். சோஸ் தண்ணீராகி, பணிஸ் ஊறிப் பிய்ந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளைகள் காப்பகம்) பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயம்மாதான் பக்கத்தில் உட்கார்ந்து சரிசெய்தார். தக்காளி சோஸ், வினாகிரி, கித்துள் கருப்பட்டி, பூடு, மிளகாய்த்தூள், மிளகு எல்லாவற்றையும் முதலில் கரண்டியில் ஒட்டும் பதத்துக்கு வற்றவிட வேண்டும். வதக்கிய வெங்காயமும் கரட்டும் அதில் சேர்ந்த பிறகுதான் மீன். உப்பு வேண்டாம், மீனிலேயே இருக்கிறது. பணிஸைப் பிளந்து உள்பக்கத்தைத் தோசைக்கல்லில் வாட்டினால் ஊறாது. கடைசியில் ஒரு கிண்ணத்தில் சிரட்டைக்கரித் தணலை வைத்து, அதில் ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு, சட்டிக்குள் இறக்கி மூடினார். ஐந்து நிமிடத்தில் அந்தப் புகை வாசம் எங்கள் வீட்டு வரிசையான லயம் முழுக்கப் பரவியது.

கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்தவர்களுக்குச் சோயா மீட்டைத் தனிச் சட்டியில், தனி அடுப்பில் செய்து தந்த மேல் லயத்து அக்காவை மறக்கவே மாட்டேன். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து அடுப்பெரிக்க மிலாறுக் குச்சிகளைச் சுமந்து வந்த பிள்ளைகளுக்கும் என் அன்பு.

பன்னிரண்டரை மணிக்கு, யாரும் யாருக்கும் பரிமாறிக்கொண்டு நிற்காமல், அம்மாமாரும் எல்லோரோடும் படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்து, ஒரு கையில் பணிஸும் மறு கையில் பிளேன்டீயுமாகச் சாப்பிட்டார்கள். அதைப் பார்க்கத்தான் ஆசைப்பட்டேன். பார்க்க வைத்த உங்கள் அனைவருக்கும் மனம் நிறைந்த நன்றி.

சட்டிகளைக் கழுவிச் சங்கத்தில் ஒப்படைத்துவிட்டோம். மிஞ்சிய இரண்டு டின் மீனும் ஆயம்மாவிடம் இருக்கின்றன, பிள்ளைகளுக்காக.