பாப்பா, அது பொம்மை ரயில் இல்லை

குன்னூர்,
வியாழக்கிழமை.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். மழை பிடித்தால் அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் கூடும், மற்றபடி குறை ஒன்றுமில்லை. நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பையனும் நலமா?

போன ஞாயிற்றுக்கிழமை போனில் பேரன், "தாத்தா, நீங்க டாய் ட்ரெயின்லயா வேலை பார்த்தீங்க?" என்று கேட்டான். ஆமாம் கண்ணு என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம் ராத்திரி தூக்கமே வரவில்லை. குழந்தை, யாரோ சொன்னதைச் சொல்கிறான். ஆனால் முப்பத்து நாலு வருஷம் நீலகிரி மலை ரயிலின் பிரேக் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். போனில் விளக்கினால் பாதியில் விளையாட ஓடிவிடுவான். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். பொறுமையாக வாசித்துக் காட்டு.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர். ஊட்டி 2,203 மீட்டர். நடுவில் தண்டவாளம் 46 கிலோமீட்டர்தான். இந்த மலைக்கு ரயில் விட வேண்டும் என்ற பேச்சு 1854லேயே எழுந்துவிட்டது. திட்டம் போட்டார்கள், கம்பெனி தொடங்கினார்கள், அந்தக் கம்பெனி நொடித்தது, வேறொன்று வந்தது. கடைசியில் 1899 ஜூன் மாதம்தான் வண்டி குன்னூர் வந்து சேர்ந்தது. ஊட்டிக்குப் போக 1908 அக்டோபர் ஆகிவிட்டது. அந்த ஒன்பது வருஷமும் நம் ஊர்தான் கடைசி ஸ்டேஷன். ஊரும் தேயிலைத் தோட்டங்களும் அதற்கு முன்பே இருந்தன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மலையேறி வந்த எஞ்சினும் அதை ஓட்டியவர்களும் தங்க இடம் வேண்டியிருந்தது. இன்று நாம் பார்க்கும் குன்னூர் அதிலிருந்துதான் தொடங்கியது என்பது என் எண்ணம். எஞ்சின் ஷெட் இன்றும் இங்கேதான் இருக்கிறது.

இப்போது பேரனுக்கான பகுதி. மலையடிவாரத்தில் உள்ள கல்லாறு ஸ்டேஷன் தாண்டியதும் 12 அடி போனால் 1 அடி உயரும். அந்த ஏற்றத்தில் வெறும் இரும்புச் சக்கரம் தண்டவாளத்தில் பிடிக்காது, வழுக்கிவிடும். அதனால் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வெட்டிய சட்டங்கள் இரண்டை அருகருகே பதித்திருக்கிறார்கள். ஒரு சட்டத்தில் பல் இருக்கும் இடத்தில் பக்கத்துச் சட்டத்தில் பள்ளம் இருக்கும். எஞ்சினுக்கு அடியில் உள்ள பல்சக்கரம் எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல்லைக் கவ்விக்கொண்டே இருக்கும், விடவே விடாது. சுவிட்சர்லாந்துக்காரர் ரோமன் ஆப்ட் கண்டுபிடித்த முறை இது. எஞ்சின்களும் அந்த நாட்டிலிருந்து, விண்டர்தூர் என்ற ஊரிலிருந்து வந்தவைதான். நாலு சிலிண்டர். சாதாரண சக்கரங்களைச் சுற்றிய நீராவியை அப்படியே வெளியே விட்டுவிடாமல், பல்சக்கரத்தைச் சுற்றவும் அதையே அனுப்புவார்கள். பிற்பாடு நம் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே புது எஞ்சின்கள் கட்டினார்கள். முதல் புது எஞ்சின் ஷெட்டுக்கு வந்த நாளை என் பழைய கூட்டாளிகள் இன்னும் பேசுவார்கள்.

இன்னொன்றையும் அவனிடம் கேட்டுப் பார். எல்லா ரயிலுக்கும் எஞ்சின் முன்னால் இருக்கும், நம் ரயிலுக்கு ஏன் பின்னால்? மலை ஏறும்போது எஞ்சின் கீழே நின்று பெட்டிகளைத் தள்ளும். இறங்கும்போதும் பள்ளத்துப் பக்கம் எஞ்சின்தான். இணைப்பு அறுந்தால்கூடப் பெட்டிகள் தனியாக உருண்டு ஓடாது, எஞ்சின் தாங்கிக்கொள்ளும்.

ஆனால் பின்னால் நிற்கும் டிரைவருக்கு முன்னால் இருக்கும் பாதை தெரியாதே? அங்கேதான் தாத்தா வருகிறார். ஒவ்வொரு பெட்டியின் முன்பக்க மேடையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்பார். கையில் பச்சைக் கொடி, சிவப்புக் கொடி. முதல் பெட்டியில் நிற்பவர்தான் டிரைவருக்குக் கண். பாறை விழுந்து கிடக்கிறதா, மரம் சாய்ந்திருக்கிறதா, யானை நிற்கிறதா என்று பார்த்து அவர் கொடி காட்டுவார். அடுத்த பெட்டிக்காரர் அதைப் பார்த்துத் தன் கொடியைக் காட்டுவார். அப்படியே கைமாறி எஞ்சினுக்குப் போய்ச் சேரும். டிரைவர் விசில் கொடுப்பார், அந்தச் சத்தத்தை வைத்து பிரேக்கைப் போடுவதும் தளர்த்துவதும் எங்கள் வேலை. பனி மூடிய நாளில் முன்பெட்டிக் கொடி சரியாகத் தெரியாது. அப்போது முதல் பெட்டிக்காரர் தோளை அசைக்கும் விதத்திலிருந்தே எந்தக் கொடி என்று எனக்குப் பிடிபடும். அத்தனை வருஷம் சேர்ந்து நின்றிருக்கிறோம்.

என் இடது உள்ளங்கையில் ஒரு காய்ப்பு இருக்குமே, சின்ன வயதில் நீ விரலால் சுரண்டிப் பார்ப்பாய். அது அந்த பிரேக் சக்கரம் கொடுத்தது. ஓய்வு பெற்று இத்தனை வருஷம் ஆகியும் முழுக்கப் போகவில்லை. போகவும் வேண்டாம்.

நம் குவார்ட்டர்ஸ் வரிசை உனக்கு ஞாபகம் இருக்கும். மலையாளம் பேசும் ஃபயர்மேன் வீடு, கிறிஸ்துமஸ் கேக் கொடுத்தனுப்பும் ஆங்கிலோ இந்தியக் குடும்பம், பால் கொண்டுவரும் படகர் அக்கா. எதிரே லைன் வீட்டில் ஓர் ஆயா இருந்தாரே, இலங்கைத் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் 1964இல் போட்ட ஒப்பந்தத்துக்கு அப்புறம் அங்கிருந்து வந்தவர். அங்கேயும் தேயிலை, இங்கே அரசுத் தோட்டத்திலும் தேயிலை. முதன்முதலாக இந்த வண்டியில் ஏறி வரும்போது கல்லாறு தாண்டிக் குளிர்க்காற்று முகத்தில் பட்டதும், திரும்ப இலங்கை மலைநாட்டு அட்டனுக்கே போகிறோமோ என்று நினைத்து அழுதுவிட்டாராம். அதை எத்தனை தடவை சொல்லியிருப்பார்! சித்திரையில் தந்தி மாரியம்மன் தேர் வந்தால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவர் உபயம், ஊரே தெருவில் நிற்கும். ஷிஃப்ட் முடிந்து கரியும் எண்ணெயுமாய் வரும் எங்களுக்கு யாராவது ஒரு வீட்டுத் திண்ணையில் சாப்பாடு மூடி வைத்திருப்பார்கள். யார் வீடு என்று பார்த்ததில்லை.

2009 நவம்பர் மழையை நீ ஊரில் இல்லாததால் பார்க்கவில்லை. மாவட்டம் முழுக்க நிலச்சரிவு, நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. பாதையில் மண் மலை மாதிரி குவிந்து கிடந்தது. தண்டவாளத்தைப் பராமரிக்கும் கேங்மேன்கள் விடியும் முன்பே மண்வெட்டியோடு போனார்கள். வண்டி ஓடாததால் எங்களுக்கு வேலை இல்லை, ஆனாலும் சும்மா வீட்டில் இருக்க யாருக்கும் மனம் வரவில்லை. அம்மா இரண்டு தூக்கு நிறைய டீ போட்டுக் கொடுத்தாள். கேத்திப் பக்கம் ஓரிடத்தில் மண் சரிந்துபோய், தண்டவாளம் மட்டும் அந்தரத்தில் தொங்குவதைப் பார்த்தேன். என் பக்கத்தில் நின்ற ஒரு கேங்மேன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முந்தைய நாள்தான் அவர் உறவினர் ஒருவரை அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தார். டீயை வாங்கிக் குடித்தார், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார். பேரன் பெரியவன் ஆனதும் இதையும் அவனுக்குச் சொல்.

2005இல் யுனெஸ்கோ நம் ரயிலை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, ஏற்கெனவே பட்டியலில் இருந்த டார்ஜிலிங் ரயிலோடு இணைத்து. எங்கள் எல்லாருக்கும் நெஞ்சு நிறைந்துபோனது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மே மாத லீவுக்கு வரும்போது மேட்டுப்பாளையத்தில் கார் பிடிக்காதே. காலை 7.10 வண்டிக்கு இப்போதே முன்பதிவு செய்துவிடு, டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். வழியில் ஹில்குரோவ் ஸ்டேஷனில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிப்பார்கள். இறங்கி அவனுக்கு நடுச்சட்டத்தின் பற்களைக் காட்டு. தின்பண்டத்தை வெளியே எடுக்காதே, குரங்குகள் பிடுங்கிவிடும். வண்டி கிளம்பியதும் அவனை மடியில் வைத்துக்கொண்டு, கொடி பெட்டிக்குப் பெட்டி கைமாறுவதை எண்ணச் சொல்.

குன்னூர் வர பத்து மணி தாண்டிவிடும். நீராவி எஞ்சினைக் கழற்றி ஷெட்டுக்கு அனுப்பும் இடத்தில், பிளாட்பாரத்தின் கோடியில் நான் நிற்பேன். என் பழைய பச்சைக் கொடியைப் பெட்டியிலிருந்து எடுத்து அம்மா துவைத்து மடித்து வைத்திருக்கிறாள். ஓரம் கொஞ்சம் கிழிந்திருக்கிறது, தைத்துவிடுவாள்.

அன்புடன்,
அப்பா